‘பனியும் ஒரு கதாபாத்திரம்’: ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன்

2015ல் ‘பிளாக் கோல், தின் ஐஸ்’ என்ற சீனப் படத்தைப் பற்றி இங்கே ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். பத்துப் பதினைந்து வரிதான். அதில் ஒரு வரி: “இந்தப் படத்தில் பனியும் ஒரு கதாபாத்திரம்.” எழுதியபோது எனக்கே ரொம்பப் பிடித்திருந்த வரி. நண்பர்கள் இரண்டு பேர் அதை எடுத்துப் பகிரவும் செய்தார்கள்.

போன மாதம் பழைய குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. கூச்சமாக இருந்தது. இடையில் நான் அந்தப் படம் எடுக்கப்பட்ட ஊருக்குப் போய் வந்துவிட்டேன். ஜனவரி மாதத்தில், மைனஸ் 24 டிகிரியில். போய் வந்த பிறகு படத்தை இரண்டு முறை பார்த்தேன். அந்த வரி தப்பு என்பதைவிட, சோம்பேறித்தனமான வரி என்று தோன்றுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. (கதையின் முடிவு வரை பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கட்டுரை எங்கும் ஓடிவிடாது.)

படம்

தியாவ் யினான் இயக்கிய படம். 2014 பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கியது. நாயகனாக நடித்த லியாவ் ஃபானுக்குச் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி. சீன மொழியில் படத்தின் பெயரே வேறு, ‘பகல்நேர வாணவேடிக்கை’ என்று பொருள். ஆங்கிலத் தலைப்பு நிலக்கரியையும் மெல்லிய பனிக்கட்டியையும் பிடித்துக்கொண்டது. இரண்டு தலைப்புகளுமே முக்கியம், பிறகு வருகிறேன்.

1999 கோடை. வெட்டப்பட்ட ஒரு மனித உடலின் பாகங்கள், மாகாணத்தின் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நிலக்கரிக் குவியல்களில் கிடைக்கின்றன. ஒரே ஆளால் எப்படி இத்தனை இடங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போக முடியும்? விசாரிக்கிற போலீஸ்காரன் ஜாங். மனைவி அப்போதுதான் விவாகரத்துப் பத்திரத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சந்தேக நபர்களை ஒரு முடிதிருத்தும் கடையில் பிடிக்கப்போய் துப்பாக்கிச் சண்டையாகி, சக போலீஸ்காரர்கள் சாகிறார்கள். ஜாங் குண்டடியோடு பிழைக்கிறான்.

அடுத்து ஒரு வண்டி சுரங்கச் சாலைக்குள் நுழைகிறது. வெளியே வரும்போது 2004, குளிர்காலம், எங்கும் வெண்பனி. சாலையோரத்தில் குடித்துவிட்டு ஒருவன் விழுந்து கிடக்கிறான். ஜாங்தான். இப்போது போலீஸ் வேலையில் இல்லை, ஒரு தொழிற்சாலைக் காவலாளி. கேமரா அவனைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வருகிறது. அப்போதுதான் நமக்குப் புரிகிறது, நாம் பார்த்துக்கொண்டிருந்தது வேறு யாரோ ஒரு வழிப்போக்கனின் பார்வை. அவன் தன் ஓட்டை வண்டியை விட்டுவிட்டு ஜாங்கின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ஐந்து வருட வீழ்ச்சியைச் சொல்ல ஒரு வசனம்கூட இல்லை.

மறுபடியும் கொலைகள். எல்லாம் ஒரு சலவைக் கடைப் பெண்ணைச் சுற்றி நடக்கின்றன. அவள் பெயர் வூ ஜீஜென். தைவான் நடிகை குவெய் லுன்-மெய் நடித்திருக்கிறார். 1999ல் இறந்ததாகக் கருதப்பட்டவன் அவளுடைய கணவன்.

ஊர்

2019 ஜனவரியில் அலுவலக வேலையாகத் தாலியன் நகருக்கு இரண்டு வாரம் போயிருந்தேன். நடுவில் ஒரு வாரக் கடைசி சும்மா கிடைத்தது. அங்கிருந்து ஹார்பினுக்கு அதிவேக ரயில், 900 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நாலு மணி நேரம். 2012ல் திறந்த பாதை. தொடக்கத்தில் குளிர்காலத்தில் வேகத்தைக் குறைத்து ஓட்டினார்கள். நான் போனபோது அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஷென்யாங், சாங்சுன் என்று வடக்கே போகப்போக ஜன்னல் கண்ணாடியின் ஓரங்களில் வெள்ளை படிந்துகொண்டே வந்தது.

ஹார்பின் ஒரு கோடிப் பேர் வாழும் மாநகரம். 1898ல் ரஷ்யர்கள் ரயில் பாதை போட வந்தபோது எழுந்த ஊர். அதனால் வெங்காயக் குமிழ் வைத்த சோஃபியா தேவாலயம், கல் பாவிய மத்திய வீதி, ரஷ்யப் பாணி ரொட்டி, புகைபோட்ட சாசேஜ் எல்லாம் உண்டு. 1909ல் ஜப்பானின் இதோ ஹிரோபுமியைக் கொரியரான ஆன் ஜுங்-குன் சுட்டுக் கொன்றது இந்த ஊர் ரயில் நிலையத்தில்தான். இதெல்லாம் எந்தப் பயண நூலிலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது குளிர் பற்றி.

நமக்குக் குளிர் என்றால் வானிலை. தமிழில் ‘பனி’ என்ற ஒரே சொல்லை வைத்து மார்கழிப் பனித்துளி, மூடுபனி, இமயமலைப் பனி எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறோம். முன்பனி, பின்பனி என்று காலம் பிரித்திருக்கிறோமே, இரண்டும் சேர்ந்தாலும் ஒரு கம்பளிக்குத் தேறாது. ஹார்பினில் குளிர் ஒரு கட்டமைப்பு, தண்ணீர்க் குழாய், மின்சாரம் மாதிரி. அக்டோபர் 20ல் இருந்து ஏப்ரல் 20 வரை, வருடத்தில் பாதி நாள், ஊர் முழுக்கக் குழாய் வழியாக வீடுகளுக்கு வெப்பம் போகும். 1950களில் வகுத்த கொள்கை. ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு உண்டு, தெற்கே இருப்பவர்களுக்குக் கிடையாது. வெப்பத்தின் மூலம் பெரும்பாலும் நிலக்கரி.

அதனால் வெளியே மைனஸ் 24, உள்ளே பிளஸ் 22. இரண்டுக்கும் நடுவில் ஒரு கனத்த மெத்தைத் திரைச்சீலை. ஒவ்வொரு கடை வாசலிலும் தொங்கும், தோளால் தள்ளிக்கொண்டு நுழைய வேண்டும். நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளையாகி ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடம் குருடன் மாதிரி நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு உங்களைத் தெரியும், உங்களுக்கு அவர்களைத் தெரியாது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது படத்தின் சலவைக் கடைதான்.

போன் பேட்டரி 60 சதவீதத்திலிருந்து சட்டென்று செத்துவிடும். லித்தியம் பேட்டரிக்குள் குளிரில் வேதிவினை மந்தமாகி உள்தடை ஏறிவிடுகிறது. உள்ளே வந்து சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கினால் போன மின்னூட்டம் திரும்ப வரும். உள்ளூர்க்காரர்கள் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தெருவில் ஐஸ் குச்சி விற்கிறார்கள், வெறும் அட்டைப் பெட்டியில். எதற்குக் குளிர்பெட்டி? பேரிக்காயைக் கறுத்துப் போகிற வரை உறையவிட்டு, தண்ணீரில் போட்டு இளக்கிச் சாற்றை உறிஞ்சுகிறார்கள். சோங்ஹுவா ஆறு கல்லாக உறைந்து கிடக்கிறது, குடும்பம் குடும்பமாக அதன்மேல் நடக்கிறார்கள். துப்புரவுப் பணியாளர்கள் மண்வெட்டியால் நடைபாதைப் பனிக்கட்டியைக் கொத்திக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ‘டக் டக்’ சத்தம்தான் எனக்கு அந்த ஊரின் சத்தம்.

அங்கே குளிர் யாருக்கும் கதாபாத்திரம் இல்லை. எல்லாருக்கும் அது ஒரு வேலை.

நிலக்கரி எங்கே போகிறது

இதைக் கவனித்த பிறகு படத்தைப் பார்த்தால் வேறு ஏதோ தெரிகிறது. முதல் முறை பார்த்தபோது நிலக்கரிக் குவியலில் கை கிடைப்பதை ஒரு நல்ல துப்பறியும் புதிராக மட்டும் எடுத்துக்கொண்டேன். விடை என்ன? ரயில் பாதைக்கு மேலே உள்ள பாலத்திலிருந்து, கீழே போகும் நிலக்கரி ரயில்களில் பாகங்களைப் போட்டுவிடுகிறார்கள். ரயில்கள் எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. சபாஷ், கெட்டிக்காரத்தனம், அவ்வளவுதான் அன்று.

இப்போது வேறு மாதிரிப் படுகிறது. ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் ஹெகாங், ஜிஷி, ஷுவாங்யாஷான், சிதாய்ஹெ என்று நாலு நிலக்கரி நகரங்கள். ஹார்பினிலோ கொதிகலன், டர்பைன், மின் இயந்திர ஆலைகள், 1950களில் சோவியத் உதவியோடு வந்தவை. வடகிழக்கே நாட்டின் உலைக்களமாக இருந்த காலம் அது. நிலக்கரி ரயில் போகிற பாதை என்பது அந்த மாகாணத்தின் ரத்தக் குழாய். கொலை செய்யப்பட்ட உடல் அந்த வழியாகத்தான் ஊர் ஊராகப் போகிறது. எந்தக் கரி வீடுகளைச் சூடாக்குகிறதோ அதற்குள்தான் பிணம் கிடக்கிறது. இயக்குநர் இதை எங்கும் வாய்விட்டுச் சொல்லவில்லை. படத்தில் ஊரின் பெயரைக்கூட முன்னிறுத்துவதில்லை. ஆனால் கதைக்கு 1999ஐத் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

1990களின் கடைசியில் சீன அரசு, நட்டத்தில் ஓடிய அரசுத் தொழிற்சாலைகளை மூடவும் ஆட்களைக் குறைக்கவும் தொடங்கியது. சீன அரசின் சொந்தக் கணக்குப்படியே 1998 முதல் 2003 வரை 2 கோடியே 80 லட்சம் பேர் வேலையிழந்தார்கள். பலத்த அடி வடகிழக்குக்கு. அதற்கு அங்கே ‘ஷியாகாங்’ என்று ஒரு சொல். நேர்ப்பொருள் ‘பணியிடத்திலிருந்து இறங்குதல்’. படத்தின் முதல் பகுதி 1999, இரண்டாம் பகுதி 2004. அந்த ஐந்து வருடத்தைத்தான் சுரங்கச் சாலை ஒரே ஷாட்டில் விழுங்கிவிடுகிறது. ஒருவன் உள்ளே போகும்போது சீருடைக்காரன், வெளியே வரும்போது காவலாளி, கையில் இருந்த வண்டியும் போகிறது.

ஷென்யாங் நகரின் ஆலைப் பகுதி செத்துக்கொண்டிருந்ததை வாங் பிங் ‘வெஸ்ட் ஆஃப் தி டிராக்ஸ்’ என்று ஒன்பது மணி நேர ஆவணப்படமாக எடுத்தார். படம்பிடிக்கத் தொடங்கிய ஆண்டும் 1999தான். வாங் பிங் நேரே ஆலைக்குள் போய் நிற்கிறார். தியாவ் யினான் ஒரு கொலைக் கதையின் பின்புறத்தில் அதை ஒளித்து வைக்கிறார். பின்னது குறைந்ததா என்றால், இல்லை என்பேன். வணிகப் படம் பார்க்க வருபவனையும் அது அந்தக் கரிக்குவியல் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நான் சொன்ன வாழ்த்து

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. ஹார்பினில் ஒரு டாக்ஸியில் போனேன். ஓட்டுநருக்கு அறுபதை ஒட்டிய வயது, நல்ல பேச்சுக்காரர். போனில் மொழிபெயர்ப்புச் செயலியைப் போட்டு இருவரும் மாறி மாறிப் பேசினோம். இந்தியாவில் பனி உண்டா, என்ன சம்பளம், எத்தனை குழந்தைகள் என்று வழக்கமான கேள்விகள். நான், “எத்தனை வருடமாக வண்டி ஓட்டுகிறீர்கள்?” என்று கேட்டேன். 20 வருடம் என்றார். “அதற்கு முன்னால்?” தொழிற்சாலை என்றார். 1998ல் என்று தொடங்கி ஏதோ சொன்னார். “பணியிடத்தை விட்டு வந்தேன்” என்கிற மாதிரி ஆங்கிலத்தில் செயலி காட்டியது. வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நம் துறையில் அப்படித்தானே பேசுவோம்! “வாழ்த்துகள், நல்ல முடிவு” என்று செயலியில் சொன்னேன்.

அவர் போனைப் பார்த்தார். தலையை ஆட்டினார். இறங்கும் வரை அப்புறம் எதுவும் பேசவில்லை.

அவர் சொன்னது ‘ஷியாகாங்’ என்று, சென்னை திரும்பி அந்த வரலாற்றைப் படித்தபோதுதான் உறைத்தது. நான் பிஇ முடித்தது 2001ல். கையில் ஆஃபர் லெட்டர் இருந்தும், சேரும் தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போய்க்கொண்டே இருந்த கூட்டம் நாங்கள். அப்போது யாராவது “வாழ்த்துகள், நல்ல முடிவு” என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? எனக்கு அந்த நிலை பத்து மாதத்தில் சரியாகிவிட்டது. அவருக்கு அது வாழ்க்கை.

செயலி செய்த தப்பைத்தான் 2015ல் என் குறிப்பும் செய்திருக்கிறது. சொல் சரிதான், அதன் பாரம் வரவில்லை.

இன்னொரு பனிக்கட்டி

ஹார்பினுக்குப் போகும் எல்லோரும் போகும் இடத்துக்கு நானும் போனேன், ஆற்றுக்கு வடகரையில் உள்ள ஐஸ் உலகம். டிசம்பரில் ஆற்றிலிருந்து பாளம் பாளமாகப் பனிக்கட்டியை அறுத்தெடுத்து கோட்டை, கோபுரம், சறுக்குமரம் எல்லாம் கட்டி, உள்ளே வண்ண விளக்கு வைக்கிறார்கள். அந்த ஊரின் பழைய மரபு வேறு. வாளித் தண்ணீரை ஓரம் மட்டும் உறையவிட்டு, நடுவில் உறையாமல் இருப்பதைக் கொட்டிவிட்டு, குழிக்குள் விளக்கேற்றி வைப்பது. மீனவர்களின் விளக்கு. 1963ல் ஜாவ்லின் பூங்காவில் அதை ஊர்க் கண்காட்சியாக்கினார்கள். 1985ல் ஆண்டுத் திருவிழா ஆனது. பிரம்மாண்டமான ஐஸ் உலகம் தொடங்கியது 1999 டிசம்பரில், புத்தாயிரத்தை வரவேற்க.

ஆம், அதே 1999. ஆலைகள் ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஊர் தன் குளிரை விற்கத் தொடங்குகிறது. விற்பதில் தப்பில்லை, கையில் இருப்பதைத்தானே விற்க முடியும். 2024 புத்தாண்டு விடுமுறையின் மூன்றே நாளில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஹார்பினுக்கு வந்தார்கள். எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு. குளிரில் கட்டட வேலை நின்றுபோகும் மாதங்களில் இந்த ஐஸ் கோட்டை வேலைதான் பலருக்குக் கூலி. நக்கலடிக்க எனக்கு உரிமை கிடையாது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நான் மூன்று மணிக்கே உள்ளே போய்விட்டேன். ஜனவரியில் அங்கே நாலு மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். அந்த ஒரு மணி நேரம் விளக்கில்லாமல் பனிக்கட்டியைப் பார்த்தேன். மங்கிய நீலம். உள்ளே காற்றுக் குமிழ்கள், நெளிநெளியாக வெடிப்புகள், ஒரு இடத்தில் சின்ன நாணல் துண்டு ஒன்று உறைந்து நின்றது. அறுத்த ரம்பத்தின் தடம்கூடத் தெரிந்தது. இது ஆறு, இதை யாரோ அறுத்திருக்கிறார்கள், யாரோ தூக்கி அடுக்கியிருக்கிறார்கள். பிறகு விளக்குகளைப் போட்டார்கள். கூட்டம் ‘ஓ’ என்றது, நானும்தான். பச்சை, சிவப்பு, ஊதா. அழகுதான். நாணல் துண்டு எங்கே என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. மூலையில் நீளமான பச்சைக் கோட்டு போட்ட காவலாளி ஒருவர் காலை மாற்றி மாற்றித் தரையில் உதைத்துக்கொண்டு நின்றார்.

பகல்நேர வாணவேடிக்கை

படத்தின் கடைசிக்கு வருவோம். கணவன் சாகவில்லை, இத்தனை நாள் பிணமாக வாழ்ந்து, மனைவியை நெருங்குபவர்களைக் கொன்றுகொண்டிருக்கிறான் என்று தெரிகிறது. பனிச்சறுக்குக் காலணிகள்தான் அவன் ஆயுதம். அவனைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகும் கதை முடிவதில்லை. 1999ல் செத்தது யார்? வூ ஜீஜென் ஒரு வாடிக்கையாளரின் விலை உயர்ந்த தோல் கோட்டைப் பாழாக்கிவிடுகிறாள். அதற்கு ஈடாக அவன் அவளையே கேட்டுத் தொல்லை கொடுக்கிறான். அவள் அவனைக் கொல்கிறாள். ஒரு கோட்டு. அதன் விலையைக் கட்ட வழியில்லாத ஒரு சலவைக் கடைக்காரி. மொத்தப் படத்துக்கும் மூலக் காரணம் அவ்வளவுதான். நிலக்கரி, சம்பளம், கடன். இதை விட்டுவிட்டு நான் பனியைப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

படத்தின் குறையும் இங்கேதான். வூ ஜீஜென்னை எல்லா ஆண்களும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஜாங் பின்தொடர்கிறான், கடைக்காரர் சீண்டுகிறார், கணவன் ஒளிந்திருந்து பார்க்கிறான். கேமராவும் அந்த வரிசையில் ஐந்தாவது, ஆறாவது ஆளாகச் சேர்ந்துகொள்கிறது. திறந்தவெளிச் சறுக்கு மைதானத்தில் வால்ட்ஸ் இசை ஒலிக்க, அவள் மைதானத்தை விட்டு இருட்டுக்குள் வழுக்கிக்கொண்டே போகும் காட்சி அபாரம். ஆனால் அப்போதும் நாம் அவள் முதுகைத்தான் பார்க்கிறோம். ஐந்து வருடம் அவள் எதை நினைத்துக்கொண்டு மற்றவர்களின் துணிகளை வெளுத்தாள் என்று படத்துக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அதிக ஆர்வமும் இல்லை. மர்மப் பெண் என்ற பழைய அச்சு கைவசம் இருந்ததால் அதில் ஊற்றிவிட்டார்கள். கரியின் வழித்தடத்தை அவ்வளவு பொறுமையாகச் சொன்ன இயக்குநர் இவளுக்கு அந்தப் பொறுமையைத் தரவில்லை.

கடைசிக் காட்சி அதை ஓரளவு ஈடு செய்கிறது. அவளைக் குற்றம் நடந்த இடத்துக்குப் போலீஸ் கூட்டி வரும்போது, பட்டப்பகலில் ஒரு மாடியிலிருந்து யாரோ வாணவேடிக்கை விடுகிறார்கள். பகலில் வாணத்தின் வண்ணம் எடுபடாது. சத்தமும் புகையும்தான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், முகத்தில் மெல்லிய சிரிப்பு. எல்லோரும் அவளைப் பார்த்த படத்தில், அவள் தனக்காக ஒன்றைப் பார்க்கும் ஒரே இடம்.

மூன்று மணி வெளிச்சத்தில் நான் பார்த்த பனிக்கட்டியும் கிட்டத்தட்ட இதுதான். இரவில் எல்லாமே அழகு. எது எதனால் ஆனது என்று பகலில்தான் தெரியும். குளிர்காலத்தில் ஹார்பின் போகிறவர்களுக்கு என் யோசனை: ஐஸ் உலகத்துக்கு மூன்று மணிக்கே போய்விடுங்கள். டாக்ஸிக்காரர் தன் பழைய வேலையைப் பற்றிச் சொன்னால் அவசரப்பட்டு வாழ்த்திவிடாதீர்கள்.

பழைய குறிப்பை அழிக்கவில்லை, தப்பும் பதிவாக இருக்கட்டும். அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: “இந்தப் படத்தில் பனி கதாபாத்திரம் இல்லை. பனியில் வேலை செய்கிறவர்கள்தான் கதாபாத்திரங்கள். நான் கவனிக்கவில்லை.”